தடித்த உருண்டை எழுத்திலும் சுழி திறந்திருக்கட்டும்: தமிழ் எழுத்துரு வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் எழுத்துருக்களை வரையும் வடிவமைப்பாளர்களுக்கும், அவற்றை வெளியிடும் எழுத்துருக் கூடங்களுக்கும் வணக்கம்.

சிறுவர் நூல்களின் அட்டைகள், சுவரொட்டிகள், விளையாட்டுச் செயலிகளின் தலைப்புகள் ஆகியவற்றில் தமிழ் எழுத்தைப் பெரிதாக வைத்து வேலை செய்பவர்களில் ஒருவராக இந்த மடலை எழுதுகிறேன். முனை மழுங்கி, உடல் பருத்து, பார்த்தவுடன் மனத்தை இலேசாக்கும் தலைப்பெழுத்துகளைப் பற்றியது இது. அத்தகைய எழுத்துருவைத் தமிழில் வரையும்போது விளையாட்டையெல்லாம் கோட்டின் உடலில் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்தை இன்னோர் எழுத்திலிருந்து பிரித்துக் காட்டும் சுழியையும் கொம்பையும் புள்ளியையும் தடிமனுக்குப் பலி கொடுத்துவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஆங்கிலம் முதலிய மொழிகளை எழுதும் லத்தீன் எழுத்தில் இந்த வகைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்த கூப்பர் பிளாக் 1922-ஆம் ஆண்டு உலோக அச்செழுத்தாக வெளிவந்தது. ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்துக்காக உருவாக்கப்பட்ட வாக் ரவுண்டட் 1979-இல் வந்தது. பிற்காலத்தில் ஆப்பிள் கணினிகளின் விசைப்பலகையில் பல ஆண்டுகள் பொறிக்கப்பட்டிருந்தது அந்த எழுத்துதான். இன்று லத்தீனில் ஒரு சிறுவர் நூலுக்கு உருண்டைத் தடித்த எழுத்து வேண்டுமென்றால், தேடுபவருக்குத் தேர்ந்தெடுப்பதுதான் சிரமம். தமிழில் நிலைமை வேறு. எக் டைப் என்னும் எழுத்துருக் கூடத்தின் ‘பலூ தம்பி’ எழுத்துருவும், மார்செலோ மகல்யாயிஸ் லத்தீனோடு சேர்த்தே தமிழையும் வரைந்த ‘காய்னி’ எழுத்துருவும் திறந்த உரிமத்தில் கிடைக்கத் தொடங்கிய பிறகு எங்களைப் போன்றவர்களின் வேலை எவ்வளவோ எளிதாகியிருக்கிறது. அவற்றை வரைந்தவர்களுக்கு என் மனமார்ந்த நன்றியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவற்றுக்கு அப்பால் கையை நீட்டினால் அகப்படுவது மிகக் குறைவு. ஒரே அலமாரியில் நிற்கும் பல நூல்கள் ஒரே முகத்தோடு நிற்கும் நிலை வந்துவிடுகிறது.

இந்தப் பற்றாக்குறைக்கு வடிவமைப்பாளர்கள் கண்டுபிடித்திருக்கும் குறுக்குவழி உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாதாரணத் தடிமனுள்ள ஓர் எழுத்துருவை எடுத்து, அதன் விளிம்பைச் சுற்றி அதே நிறத்தில் ஒரு ஸ்ட்ரோக், அதாவது ஓரக்கோடு, ஏற்றி, மூலை இணைப்பை உருண்டையாக மாற்றிவிட்டால் தூரத்திலிருந்து பார்க்கும்போது உருண்டைத் தடித்த எழுத்துப் போலவே தோன்றும். ஆனால் அந்தக் கோடு வெளிப்புறமாக மட்டும் வளர்வதில்லை. உள்ளுக்குள்ளும் அதே அளவுக்கு வளர்ந்து, எழுத்தின் உள்ளே இருக்கும் வெள்ளை இடத்தைத் தின்றுவிடுகிறது. லத்தீன் எழுத்தில் இதனால் அழகு கெடும். எழுத்து அடையாளம் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். தமிழில் அடையாளமே போய்விடுகிறது. எனக்குப் பெரிய கவலை என்னவென்றால், பொத்தானை அழுத்திச் செய்யும் இந்தக் கோளாறை, முறையாக வரையப்பட்ட சில தடித்த எழுத்துருக்களிலும் காண்கிறேன் என்பதுதான்.

ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். ‘கோழியும் கீரியும்’ என்று ஒரு படக்கதைக்குத் தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். முதல் எழுத்திலேயே இரட்டைக் கொம்பு வருகிறது. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் இடையில் உள்ள வேறுபாடு மேலே இருக்கும் ஒரு சிறு சுழி மட்டுமே. கோடு பருக்கப் பருக்க அந்தச் சுழியின் நடுவே உள்ள வெள்ளைத் துளை முதலில் ஊசிமுனை அளவுக்குக் குறைகிறது. பிறகு மறைந்து, கொம்பின் தலையில் ஒரு வீக்கமாக மட்டும் எஞ்சுகிறது. உருண்டை எழுத்துருவில் எல்லா முனைகளுமே வீங்கித்தான் இருக்கும் என்பதால், அந்த வீக்கத்தைப் பார்த்து இது நெடில் என்று எவராலும் கண்டுகொள்ள முடியாது. மூன்றாவதாக உள்ள ‘யு’வில் பிரச்சினை இல்லை. ‘கீ’யில் மறுபடியும் அதே கதை: மேல்விலங்கின் நுனியில் உள்ள சுழி அடைபட்டால் அது ‘கி’. குழந்தையின் கையில் போய்ச் சேரும் தலைப்பு ‘கொழியும் கிரியும்’ என்றாகிறது. வாசிக்கப் பழகிய பெரியவர் சூழலை வைத்துச் சரியாகப் படித்துவிடுவார். எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு அந்தச் சூழலறிவு இன்னும் வந்திருக்காது. இவ்வகை எழுத்துருக்களை நாம் பெரும்பாலும் அந்தக் குழந்தைகளுக்காகத்தான் பயன்படுத்துகிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்தச் சுழிகளுக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. குறில் எகரமும் ஒகரமும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் காட்டும் முறை. நெடிலுக்குப் புள்ளி இல்லை. ஓலையில் எழுதும் வழக்கத்தில் புள்ளிகள் பெரும்பாலும் விடுபட்டதால், குறிலா நெடிலா என்பதை வாசிப்பவர் தாமே ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1680 முதல் 1747 வரை வாழ்ந்த வீரமாமுனிவர் நெடிலுக்கென்று தனி வடிவம் கொடுத்தார்; எ-ஏ, ஒ-ஓ, ஒற்றைக் கொம்பு-இரட்டைக் கொம்பு என்று இன்று நாம் கண்ணால் பிரித்தறியும் வேறுபாடு அவர் வழியாக வந்தது. ஏகாரத்தின் காலடியில் வரும் சாய்ந்த கோடு, ஓகாரத்தின் இறுதிச் சுழி, இரட்டைக் கொம்பின் மேற்சுழி ஆகிய மூன்றும் அளவில் மிகச் சிறியவை. தடித்த எழுத்தில் முதலில் காணாமல் போவதும் இந்த மூன்றும்தான். அவற்றைக் காப்பாற்றாத எழுத்துரு, வாசகரை வீரமாமுனிவருக்கு முந்தைய காலத்துக்கே திருப்பி அனுப்புகிறது.

ஆகவே உங்கள் எழுத்துருவைச் சோதிக்கும் தாளில் ‘அகர முதல’ என்று தொடங்கும் குறளை மட்டும் வைத்துப் பார்த்து நிறைவடைந்துவிடாதீர்கள். எரி-ஏரி, எடு-ஏடு, ஒடு-ஓடு, கொடி-கோடி, கெடு-கேடு, செறு-சேறு, மின்-மீன், கிரி-கீரி என்னும் இணைகளை அடுத்தடுத்து அமைத்து, கட்டைவிரல் நகத்தின் உயரத்துக்கு அச்சிட்டுக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். தலைப்பெழுத்து என்றால் எப்போதும் பெரிதாகத்தான் வரும் என்று நம்பிவிட முடியாது. அட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு வரும் தலைப்பு, நூலின் முதுகில் விரல் அகலத்துக்குச் சுருங்குகிறது. இணையக் கடையின் பட்டியலில் அதே அட்டை அஞ்சல்தலை அளவுக்கு வந்துவிடுகிறது. அங்கும் ‘மீன்’ மீனாகவே இருக்க வேண்டும்.

சுழியைக் காப்பாற்ற வழிகள் இல்லாமல் இல்லை. கோடு சுழியை நெருங்கும்போது அதன் தடிமனைக் குறைப்பது முதல் வழி. உருண்டை எழுத்துருவில் கோடு எங்கும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் பலரைத் தடுக்கிறது. ஆனால் ஒரே தடிமனாகத் தோன்றுவதற்கும் ஒரே தடிமனாக இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? லத்தீன் தடித்த எழுத்துகளில் இரண்டு கோடுகள் சேரும் இடத்தை மெலிதாக்குவது காலங்காலமாக நடப்பதுதான். சுவரிலும் பலகையிலும் தூரிகையால் எழுதிய எழுத்தோவியர்களும் இதையே செய்தார்கள்; நெருக்கடியான இடம் வந்ததும் தூரிகையின் அழுத்தத்தைத் தளர்த்திக்கொண்டார்கள். இரண்டாவது வழி, சுழியையே பெரிதாக்குவது. சாதாரணத் தடிமனில் உள்ள அளவை அப்படியே வைத்துக்கொள்ளாமல், கொம்பின் மேற்சுழியை உயரத்தில் சற்றே மீற விடலாம். உருண்டை எழுத்துருவுக்கு அந்த மீறலே ஒரு குறும்பைச் சேர்க்கும். மூன்றாவது வழி, சுழியை முழுவதும் மூடாமல் கொக்கியாக விட்டுவிடுவது. கையால் வேகமாக எழுதும்போது நம்மில் பலர் சுழியை மூடுவதில்லை. வாசிப்பவருக்கு அதில் குழப்பம் வருவதும் இல்லை. கோட்டின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்காவது உள்வெள்ளை அகலம் இருந்தால் சிறிய அளவிலும் சுழி தப்பிக்கிறது என்பது என் பணியனுபவம். உங்கள் கண் வேறு கணக்குச் சொல்லலாம். எப்படியும் ஒரு கணக்கை வைத்துக்கொண்டு, எல்லாச் சுழிகளுக்கும் அதைத் தவறாமல் கடைப்பிடியுங்கள்.

மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் இதே வரிசையில் வருபவை. பனி-பணி, மனம்-மணம், ஆனி-ஆணி என்னும் இணைகளில் ஒரு வளைவு கூடுகிறதா குறைகிறதா என்பதுதான் எல்லாம். ‘ண’வைத் தடித்த கோட்டால் வரையும்போது அகலம் கட்டுக்கடங்காமல் போவதால், அதைப் பக்கவாட்டில் அமுக்கிவிடும் ஆசை வருவது இயல்பு. அமுக்காதீர்கள். ‘ண’ அகலமான எழுத்து. அகலமாக இருப்பது அதன் உரிமை. இடம் போதவில்லையென்றால் அதன் செங்குத்துக் கோடுகளை மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் மெலிதாக்குங்கள். பக்கத்தில் உள்ள ‘ட’வோடும் ‘ப’வோடும் சேர்ந்து நிற்கும்போது கறுப்பு ஒரே சீராகத் தெரியும். ‘ஞ’, ‘ஐ’, ‘ஜ’, சங்கிலிக் கொம்பான ‘ை’ ஆகியவற்றுக்கும் இதே கவனிப்பு வேண்டும்.

அடுத்து மூலைகள். உருட்டுவது என்ற ஒரே செயலை எழுத்துருக் கருவிகள் முனைக்கும் மூலைக்கும் சேர்த்தே செய்துவிடுகின்றன. கோடு முடியும் இடம் முனை. கோடு திரும்பும் இடம் மூலை. முனைகளை எவ்வளவு வேண்டுமானாலும் உருட்டுங்கள், அதில்தான் இந்த வகையின் இனிமை இருக்கிறது. மூலைகளை அதே ஆரத்தில் உருட்டினால் ‘ப’ ஒரு கிண்ணமாகிவிடுகிறது, ‘ட’ வளைந்த கொக்கியாகிவிடுகிறது. தமிழ் எழுத்து முழுவதும் வட்டமானது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதுண்டு. உண்மையில் ‘ட’, ‘ப’, ‘ச’, ‘ர’ போன்ற நேர்கோட்டு எழுத்துகளும், ‘வ’, ‘ல’, ‘ழ’, ‘ஒ’ போன்ற வளைவெழுத்துகளும் மாறி மாறி வருவதில்தான் தமிழ் வரிக்கு நடை கிடைக்கிறது. எல்லாவற்றையும் ஒரே அளவு உருட்டிவிட்டால் அந்த நடை போய், வரி முழுவதும் ஒரே குமிழ் வரிசையாகிவிடுகிறது. நேர்கோட்டு எழுத்துகளின் மூலை சற்றே இறுக்கமாக இருந்தால், வளைவெழுத்துகள் இன்னும் உருண்டையாகத் தெரியும். துணைக்காலையும் ‘ர’வையும் பிரிக்கும் சாய்ந்த வாலும் இங்கே கவனத்துக்கு உரியது. ‘காரம்’ என்ற சொல்லில் துணைக்காலும் ‘ர’வும் அடுத்தடுத்து நிற்கின்றன. அந்த வால் குட்டையாகி மழுங்கிவிட்டால் இரண்டும் ஒரே உருவமாகத் தெரியும்.

புள்ளியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். தமிழில் புள்ளி, லத்தீனில் ‘ஐ’ என்ற எழுத்தின் தலையில் உள்ள பொட்டைப் போன்ற ஓர் ஒப்பனை அன்று. அது உயிரை நீக்குகிறது. அது இல்லாவிட்டால் ‘கல்’ என்பது ‘கல’ ஆகிவிடும். ஏறத்தாழ எல்லாத் தலைப்பிலும் அது வரும், சில சொற்களில் இரண்டு மூன்று முறை வரும். உருண்டைத் தடித்த எழுத்துருவில் புள்ளியைக் கோட்டின் தடிமனுக்குச் சமமான வட்டமாக வைப்பதே வழக்கம். அது தனியாகப் பார்க்கும்போது அழகாகத்தான் இருக்கும். ஆனால் ‘சிட்டுக்குருவிக்கும்’ போன்ற ஒரு நீண்ட சொல்லில் அந்தக் கனமான வட்டங்கள் வரிக்கு மேலே இன்னொரு வரியாக நின்று கண்ணை இழுக்கின்றன. கோட்டைவிடச் சற்றே சிறிய வட்டமாகவும், எழுத்தின் தலைக்கும் தனக்கும் இடையில் தெளிவான வெள்ளை விட்டும் இருந்தால் புள்ளி தன் வேலையைச் செய்துவிட்டு அடங்கி நிற்கும். எழுத்துக்கு எழுத்து அதன் இடத்தையும் கையால் சரிபார்க்க வேண்டும். ‘ண்’, ‘ஞ்’ போன்ற அகன்ற எழுத்துகளில் கணக்குப்படி நடுவில் வைத்த புள்ளி, கண்ணுக்கு நடுவில் இருப்பதில்லை. புள்ளிக்குப் பதில் நட்சத்திரமோ இதயமோ வைப்பது ஒரு தனிச் சின்னத்துக்குப் பொருந்தலாம். எழுத்துருவின் இயல்பான வடிவமாக அதை வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

உகர ஊகாரங்களில் ஒவ்வொரு மெய்யும் தனித்தனி வடிவம் எடுப்பதால், 18 மெய்களுக்கு 36 வடிவங்களை வரைந்தாக வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பின்னால் வரும் வடிவங்களில், குறிப்பாக ‘ஞூ’, ‘ணூ’, ‘ழூ’, ‘றூ’ ஆகியவற்றில் களைப்புத் தெரிகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். அரிதாக வருகின்றன என்பதற்காக அவற்றை விரைந்து முடித்துவிடாதீர்கள். கிரந்த எழுத்துகளுக்கும் இதே வேண்டுகோள்தான். தனித்தமிழ்ப் பற்று எனக்கும் உண்டு, ஆனால் ஒரு குழந்தையின் பெயரில் ‘ஜ’வோ ‘ஷ’வோ ‘ஸ்ரீ’யோ இருந்தால், பிறந்தநாள் அழைப்பிதழில் அந்த ஓர் எழுத்து மட்டும் வேறு எழுத்துருவிலிருந்து மெலிந்து வந்து நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

இத்தனை கட்டுப்பாடுகளைச் சொன்ன பிறகு விளையாட்டுக்கு இடம் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். இடம் நிறையவே இருக்கிறது. கோட்டின் உடலைத் தொடங்கும் இடத்தில் மெலிதாகவும் முடியும் இடத்தில் பருமனாகவும் வரையலாம், ‘ழ’வின் அடியில் சுழித்து வரும் வாலை நீட்டி விளையாடலாம், ‘கு’வின் வளைவைத் துள்ள விடலாம், எழுத்துகளை அடிக்கோட்டிலிருந்து சற்றே ஏற்றியும் இறக்கியும் அமைக்கலாம். ஒரே எழுத்து அடுத்தடுத்து வரும் ‘பாப்பா’, ‘தாத்தா’, ‘அம்மம்மா’ போன்ற சொற்களில் மாற்று வடிவம் தானாகவே வந்து அமரும்படி, எழுத்துருக் கோப்புத் தரமான ஓப்பன்டைப்பின் வசதியைப் பயன்படுத்தினால், அச்சில் வார்த்தது போன்ற விறைப்புப் போய்க் கையால் வரைந்த உயிர்ப்பு வரும். குழந்தைகள் பேசும் சொற்களிலும் ஒலிக்குறிப்புச் சொற்களிலும் இரட்டிப்பு அதிகம் என்பதால், லத்தீனைவிடத் தமிழுக்கே இந்த வசதி அதிகம் பயன்படும்.

இன்னொரு யோசனையும் எனக்கு இருக்கிறது. இதை நான் மிகவும் விரும்பிக் கேட்கிறேன். 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ‘ணை’, ‘லை’, ‘ளை’, ‘னை’ ஆகிய எழுத்துகளுக்கு முன்னால் துதிக்கை போல் வளைந்து நிற்கும் பழைய வடிவங்களும், ‘ணா’, ‘றா’, ‘னா’ ஆகியவற்றுக்குக் கால் சேர்ந்தே சுழியும் வடிவங்களும் இருந்தன. பாடத்திலும் செய்தியிலும் அவை திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சீர்திருத்தம் கற்பதை எளிதாக்கியது, அது நிலைபெற்றும் விட்டது. ஆனால் ஒரு தடித்த உருண்டை எழுத்துருவுக்குள் அந்தப் பழைய வடிவங்களை, பயன்படுத்துபவர் வேண்டினால் மட்டும் தோன்றும் மாற்று வடிவங்களாக வைத்துத் தாருங்கள். ‘யானை’ என்ற தலைப்பில் பழைய ‘னை’ தன் துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் காட்சியை ஒரு முறை வரைந்து பாருங்கள். தமிழ் எழுத்தின் சொந்தக் கையிருப்பிலிருந்தே வரும் இத்தகைய விளையாட்டு வேறு எந்த எழுத்துமுறையிலிருந்தும் நமக்குக் கடனாகக் கிடைக்காது.

இதனோடு தொடர்புடைய ஒரு பழக்கத்தையும் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. பல எழுத்துருக்கள் லத்தீனை முதலில் முடித்துவிட்டு, அதன் துண்டுகளை எடுத்துத் தமிழைப் பொருத்துகின்றன. லத்தீன் ‘யு’வைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் பெறப்பட்ட ‘ப’வையும், ‘எல்’லிலிருந்து வெட்டிய ‘ட’வையும் பழகிய கண் உடனே கண்டுபிடித்துவிடும். இரண்டு எழுத்துமுறைகளும் ஒரே குடும்பமாகத் தோன்ற வேண்டும் என்பது நியாயமான ஆசை. ஆனால் அந்த உறவு கோட்டின் குணத்திலும் முனையின் உருண்மையிலும் இருந்தால் போதும். உயரத்தையும் தமிழின் தேவைப்படியே தீர்மானியுங்கள்: மேலே மேல்விலங்கும் கீழே ஊகாரத்தின் வாலும் செல்வதற்கு இடம் விடுவதற்காகத் தமிழ் எழுத்தின் உடலையே குறுக்கிவிட்டால், இருமொழித் தலைப்பில் தமிழ் எப்போதும் ஒரு படி சிறியதாகவே நிற்கிறது. வாய்ப்பிருந்தால் தமிழை முதலில் வரைந்து, லத்தீனை அதற்குப் பொருத்திப் பாருங்கள். அப்படிப் பிறக்கும் லத்தீனும் புதியதாகத்தான் இருக்கும்.

எடை, அதாவது எழுத்துருவின் தடிமன் படி, விஷயத்திலும் ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு மிகத் தடித்த எடையை மட்டும் வெளியிடாமல், அதற்கு ஒரு படி கீழே உள்ள எடையையும் சேர்த்து வெளியிடுங்கள். 2016-இல் ஓப்பன்டைப் தரத்தில் மாறியல் எழுத்துருக்கள் இடம்பெற்றதிலிருந்து, எடையைப் படிப்படியாக நகர்த்தும் வசதியை ஒரே கோப்பில் தர முடிகிறது. அட்டையின் முகப்பில் உச்ச எடையையும், முதுகில் அதைவிட மெலிந்ததையும் வைக்க முடிந்தால், மேலே நான் சொன்ன சுழிப் பிரச்சினையில் பாதி எங்கள் கையாலேயே தீர்ந்துவிடும்.

எழுத்துருவை வெளியிடுவதற்கு முன் ஒரு மாதிரித் தாளைத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களிடமும், இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் சில குழந்தைகளிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர்கள் தயங்கும் எழுத்துகளைக் குறித்துக்கொண்டு திருத்துங்கள். வெளியிட்ட பிறகும் பிழை சொல்ல ஒரு வழியைத் திறந்து வையுங்கள். தமிழிலேயே எழுதினாலும் படித்துப் பதில் தரக்கூடிய ஒருவர் அங்கே இருக்கட்டும். அடைபட்ட சுழிகளின் படங்களையும், குழப்பம் தரும் சொல்லிணைகளின் பட்டியலையும் அனுப்பி வைக்க நானும், என்னைப் போல் இந்த எழுத்துகளோடு நாள்தோறும் வேலை செய்யும் பலரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

மிக்க அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
சிறுவர் நூல்களுக்கு அட்டை வடிவமைக்கும் ஒருவர்